சத்தம் போடாமல் தள்ளிய மரம்

ஆண்டவர் கொடுத்தது பத்துக் கட்டளைகள். எங்கள் ஓனரம்மா பதினொன்றாவதாக ஒன்றைத் தானே சேர்த்து வைத்திருந்தார்: தூங்குகிறவரை எழுப்பாதிருப்பாயாக. முதல் பத்தில் அவர் எதையெல்லாம் மீறினார் என்பது எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக் கோழி எங்கள் காம்பவுண்டுக்குள் போட்ட முட்டையை அவர் திருப்பிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஆனால் பதினொன்றாவதை அவர் மீறி நான் கண்டதே கிடையாது.

வல்லம் வடகாலுக்குப் பக்கத்தில் அவருக்கு ஆறு ரூம் கொண்ட லைன் வீடு இருந்தது. ஒரு காலத்தில் அது நெல் வயல். நிலமெல்லாம் கம்பெனிகள் வந்த இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் போன பிறகு ஓரத்தில் மிஞ்சிய துண்டில், கட்டட இடிபாடுகளைக் கொட்டி மேடாக்கி, மேலே கிராவல் அடித்து, சிமெண்ட் ஷீட் போட்டு எழுப்பிய ரூம்கள். ஆறிலும் கம்பெனிப் பெண்கள். நான் சங்கரன்கோவில் பக்கம், என் ரூம்மேட் செல்வி ராமநாதபுரம் பக்கம், மற்றவர்களும் தெற்கேயிருந்து வந்தவர்கள்தான். எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே வேலை, வேறு வேறு ஷிப்ட். ஏ ஷிப்ட் காலையில், பி ஷிப்ட் மதியம், சி ஷிப்ட் ராத்திரி முழுக்க. அதுவும் வாரத்துக்கு வாரம் மாறும். அதனால் எந்த நேரத்தில் வந்து பார்த்தாலும் ஏதாவது ஒரு ரூமில் ஒருத்தி தூங்கிக்கொண்டிருப்பாள். அவளுக்குக் காவல் ஓனரம்மா.

வந்த முதல் நாளே நான் மாட்டினேன். ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த குக்கரில் பருப்பு வைத்தேன். ஒரே ஒரு விசில்தான் வந்தது. கதவு திறந்தது. குட்டையாக, கொஞ்சம் பருமனாக, நைட்டி மேல் துண்டு போட்ட ஒரு அம்மா உள்ளே வந்து, யார் என்ன என்று கேட்காமல் அடுப்பை அணைத்து, குக்கர் வெயிட்டைத் துண்டால் பிடித்து எடுத்து அதே துண்டில் முடிந்துகொண்டார். பக்கத்துச் சுவரைக் காட்டி, வாயில் விரல் வைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் சி ஷிப்ட் முடித்த பெண் தூங்குகிறாள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. "பருப்பு சட்டியில வேவாதா? எங்க மாமியா இன்னா குக்கரா வச்சிக்கினு இருந்துச்சி?" என்று வெறும் காற்றாகவே கேட்டுவிட்டுப் போனார். அந்த வெயிட் திரும்பி வரவில்லை. எங்கள் எல்லாருடைய வெயிட்டும் அவர் வீட்டு மாதா படத்துக்குக் கீழே ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தன.

கேட்டுக் கீலுக்கு எண்ணெய் போடாத வாரம் கிடையாது. தாழ்ப்பாள் இடிக்கிற இடத்தில் சைக்கிள் டியூப் சுற்றியிருப்பார். வாசல் பெருக்கத் தென்னந்துடைப்பம் கூடாது. கிராவல் தரையைப் பூந்துடைப்பத்தால் பெருக்குகிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மைக் கட்டிக்கொண்டு வெங்காயம் விற்கிற வண்டிக்காரர் எங்கள் தெரு முனைக்கு வந்ததும் தானாகவே மைக்கை அணைத்துவிடுவார். முன்பு ஒருமுறை அணைக்க மறுத்தபோது வண்டிக்கு எதிரே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றிருக்கிறார் எங்கள் ஓனரம்மா.

ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஸ்பீக்கர் குழாய் கட்டிய பையன்களிடம் போய்ச் சண்டை போட்டு, குழாயை ஏரிப் பக்கம் திருப்ப வைத்தார். "நீ கிறிஸ்டீனு, எங்க சாமி மேல உனக்கு இன்னா கோவம்?" என்று ஒருவன் கேட்டிருக்கிறான். அம்மா நேரே தன் சர்ச்சுக்குப் போய், காலைப் பூசைக்குப் போடுகிற குழாயையும் திருப்பச் சொல்லி ஃபாதர் உயிரை எடுத்தார். ஃபாதரும் திருப்பினார். மத நல்லிணக்கத்தை நான் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

எதிரே பார்த்தால் சாப்பிட்டியா என்று கேட்க மாட்டார். "தூங்கினியாமா?" என்பார். நான்கு மணி நேரம் என்று சொன்னால் முகம் வாடும். ஏழு மணி நேரம் என்றால் ஏதோ தன் பிள்ளை பரீட்சையில் பாஸானதுபோல் சிரிப்பார். அவர் சிரிக்கட்டும் என்று நாங்கள் ஒன்றிரண்டு மணி நேரம் கூட்டிச் சொல்வோம்.

இவ்வளவு இருந்தால் பின்னால் ஒரு கதை இருக்க வேண்டும் இல்லையா? எங்களுக்கும் அந்த ஆர்வம் இருந்தது. அவர் வீட்டுக்காரர் கம்பெனி வேன் ஓட்டினார், தூக்கக் கலக்கத்தில் லாரியில் மோதிப் போய்ச் சேர்ந்தார், அதிலிருந்துதான் இந்தம்மா இப்படி என்று தெருமுனைக் கடைக்காரி சொன்னாள். எனக்கு எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது. நேரே கேட்டுவிட்டேன். அவர் துண்டால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"அவுரு சுகர்ல போனாருமா. வேன் ஓட்டவும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. நல்லா தூங்குவாரு மனுஷன். இடி இடிச்சாலும் ஏந்துக்க மாட்டாரு." பிறகு சிரிப்பை நிறுத்திச் சொன்னார்: "கல்யாணம் கட்டிக்கினு இந்த வூட்டுக்கு வந்ததுலேந்து நானா கண்ணு முழிச்சதே இல்ல. ஒருத்தர் இல்லனா ஒருத்தர் எழுப்பினாங்க. மாமியா எழுப்பும், மாடு எழுப்பும், கொயந்த எழுப்பும், அவுரு டீ கேட்டு எழுப்புவாரு. தூக்கம் தானா முடிஞ்சி கண்ணு தொறந்தா எப்டி இருக்கும்னு பாக்க ரொம்ப ஆசமா எனக்கு."

இப்போதுதான் எழுப்ப யாரும் இல்லையே என்றேன். இப்போது தூக்கம் வரவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

இதில் ஒரு சங்கடமும் இருந்தது. எழுப்பவே மாட்டார் என்றால், எழுப்பச் சொன்னாலும் எழுப்ப மாட்டார். அலாரம் வைக்கவும் விடமாட்டார். ஒருத்திக்கு அடிக்கிற அலாரத்தில் எல்லாரும் முழித்துக்கொள்வார்களாம். போனை வைப்ரேட்டரில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வதுதான் எங்கள் வழக்கம். ஒருநாள் செல்வியின் போன் சார்ஜ் இறங்கி அணைந்துவிட்டது. முந்தின நாள் ஓவர்டைம் பார்த்துவிட்டு வந்து படுத்தவள், பி ஷிப்ட்டுக்குப் போக வேண்டும். வேன் வந்து தெருமுனையில் நின்றது. ஹாரன் அடிக்க அந்த டிரைவருக்கும் பயம். நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது. இதையெல்லாம் எங்கள் ரூம் வாசல் படியில் உட்கார்ந்து ஓனரம்மா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

நான் ஏ ஷிப்ட் முடித்து வந்தபோது செல்வி அழுது கத்திக்கொண்டிருந்தாள். கதவை ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போதுமே, அதற்குக்கூடவா கை வரவில்லை என்று. அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "கைய தூக்கினேன்மா. தூக்கித் தூக்கி எறக்கினேன். ஜன்னல்ல பாத்தா அப்டி தூங்கினு இருந்த. மனசு வர்ல."

எனக்கும் கோபம்தான். இது என்ன பாசம், சோற்றைப் பறிக்கிற பாசம் என்று நினைத்தேன். என்னைப் பெற்றவள் முகத்தில் தண்ணீரை ஊற்றி எழுப்புவாள், அதுவும் பாசம்தானே. அன்று இரவு அம்மா கெளுத்தி மீன் குழம்பு வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். செல்வி சாப்பிட்டாள், ஆனால் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

காம்பவுண்டில் ஒரு வாதாம் மரம் நின்றது. ரூம்கள் எல்லாவற்றுக்கும் அதுதான் குடை. சிமெண்ட் ஷீட் ரூமில் பகலில் தூங்குவது எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொன்னால் புரியாது. அந்த மரம் இருந்ததால் எங்களால் முடிந்தது. வாதாங்காய் ஷீட் மேல் பொத்துப் பொத்தென்று விழும் என்பதற்காக அம்மா ஏணி வைத்து ஏறிக் கோணிச் சாக்குகளை விரித்துக் கட்டி வைத்திருந்தார். சாக்கு மேல் காய் விழுந்தால் யாரோ மெதுவாகக் காலடி வைப்பதுபோலக் கேட்கும்.

அந்த வருஷத்துக் கார்த்திகைப் புயலில் மரம் சாய்ந்தது. இடிபாட்டு மேட்டில் வேர் எங்கே போய்ப் பிடிக்கும்? நல்லவேளை, ரூம் பக்கம் சாயாமல் கேட் பக்கம் விழுந்தது. மரம் வெட்டுகிறவர் மெஷின் வாளோடு வந்தார். அது போடுகிற சத்தம் தெரியும்தானே. கிளைகளைக் கழித்து, அடிமரத்தை இரண்டு துண்டாக்குவதற்குள் அம்மா அவரைப் பத்துத் தடவை நிறுத்திவிட்டார். யாரும் தூங்காத நேரமாகப் பார்த்து வா என்று சொல்லியிருக்கிறார். அவரும் போனில் கேட்டுக் கேட்டுப் பார்த்தார். எங்கள் காம்பவுண்டில் அப்படி ஒரு நேரம் கிடையாது. கடைசியில், நான் சம்சாரி, எனக்கு வேறு பிழைப்பு இருக்கிறது என்று கிளைகளை ஏற்றிக்கொண்டு போனவர் போனவர்தான். இரண்டு பெரிய துண்டும் கேட்டுக்கு உள்ளே கிடந்தன. கட்டிப்பிடித்தால் என் இரண்டு கையும் எட்டாது, அவ்வளவு பருமன்.

மாசி பிறந்ததும் வெயில் ஏறியது. மரம் இல்லாத குறை அப்போது தெரிந்தது. மேற்குச் சுவர் சாயங்காலம் வரை கொதிக்கும். ஃபேன் காற்று அடுப்பு ஊதுவதுபோல வரும். ஈரத் துணியைப் போர்த்திக்கொண்டு படுப்போம், அரை மணியில் காய்ந்துவிடும். சி ஷிப்ட் பெண்கள் தூங்காமல் வேலைக்குப் போனார்கள். ஒருத்தி லைனில் நின்றபடியே கண் சொருகி விழுந்து, நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு வந்தாள். அந்தத் தையலை அம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

மறுநாளே திட்டம் தயாராகிவிட்டது. மேற்குச் சுவரோரம் கொடி போட வேண்டும். பீர்க்கு, அவரை, சுரை. கயிறு கட்டி ஷீட் மேல் ஏற்றிவிட்டால் வெயிலுக்கு மறைப்பு. ஆனால் அந்தத் தரையில் எதுவும் முளைக்காது. கொத்தினால் டைல்ஸ் உடைசலும் கான்கிரீட் கட்டியும் துருக்கம்பியும்தான் வரும். அதனால் மேட்டுப்பாத்தி. வாதாம் துண்டுகள் இரண்டையும் எதிரெதிரே போட்டு, இரண்டு முனையையும் செங்கல்லால் அடைத்து, நடுவில் ஏரி வண்டலும் மாட்டுச் சாணமும். மணிமங்கலம் பக்கம் வண்டல் எடுக்கிற டிராக்டர்காரரிடம் சொல்லியும் வைத்துவிட்டார். "நெயல் குடுத்த மரம். வியுந்தப்புறமும் அதுவே குடுக்கட்டும்" என்றார்.

பாக்கி ஒன்றுதான். கேட்டிலிருந்து மேற்குச் சுவர் வரை அந்த மரத்தை நகர்த்த வேண்டும்.

ஜேசிபி என்றால் பத்து நிமிட வேலை. சத்தம். பக்கத்துக் காம்பவுண்டுப் பையன்களைக் கூப்பிட்டால் போதும். வந்தார்கள், வந்தவுடன் ஒருவன் பாட்டுப் போட்டான், அப்படியே திருப்பி அனுப்பப்பட்டார்கள். நாங்கள் தள்ளுகிறோம் என்றோம். "நீ போய் தூங்குமா, ராத்திரி பூரா நின்னுக்கினு வந்திருக்க" என்பதுதான் பதில். விடாமல் நச்சரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கைந்து பேர் இறங்கினோம். அன்றும் கடைசி ரூமில் ஒருத்தி தூங்கினாள்.

சத்தம் போடாமல் மரம் தள்ளிப் பார்த்திருக்கிறீர்களா? அப்படித் தள்ளவே முடியாது. எங்கள் ஊரில் தேர் இழுத்தாலும் வண்டி தூக்கினாலும் ஒருத்தர் குரல் கொடுப்பார், எல்லாருடைய மூச்சும் அந்தக் குரலில் ஒன்றாகச் சேரும். இங்கே குரல் கூடாது. அம்மா எதிரே நின்று துண்டை உயர்த்துவார், இறக்கினால் தள்ள வேண்டும். குனிந்து தோள் கொடுத்திருக்கிறவளுக்குத் துண்டு எப்படித் தெரியும்? நான் தள்ளும்போது செல்வி மூச்சு வாங்குகிறாள், செல்வி தள்ளும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரிப்பை அடக்கப் போய் எல்லாருக்கும் சிரிப்பு வந்து, வாயைப் பொத்திக்கொண்டு மரத்தின் மேலேயே சாய்ந்துவிட்டோம். மரம் ஒரு முழம் உருண்டது, திரும்ப அரை முழம் வந்தது. அம்மாவும் சிரித்தார், கண்ணில் நீர் வரச் சிரித்தார். நாங்கள் எல்லாரும் சேர்ந்து சந்தோஷமாக இருந்த நாள் அதுதான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு எங்களைக் கூப்பிடவில்லை. தனியாகவே செய்ய ஆரம்பித்தார். கடப்பாறையை அடியில் கொடுத்து நெம்புவார், உருளுகிற இடத்தில் கல்லை அண்டை கொடுப்பார், மறுபடி நெம்புவார். கடப்பாறை கல்லில் பட்டுக் கணீரென்று கேட்கக் கூடாது என்று அதன் முனையில் சாக்கு சுற்றியிருந்தார். சாக்கு சுற்றினால் வழுக்கும் என்று நான் சொன்னேன். செல்வியும் சொன்னாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நாங்கள் வேலைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் மரம் இரண்டு முழம் நகர்ந்திருக்கும். வேண்டாம் என்று சொல்லத்தான் எங்களால் முடிந்தது. கடப்பாறையை ஒளித்து வைத்தோம், கண்டுபிடித்துவிட்டார்.

சித்திரையில் அது நடந்தது. எனக்கு அந்த வாரம் சி ஷிப்ட். காலையில் வந்து படுத்து, புரண்டு, மதியத்துக்கு மேல்தான் கண் அயர்ந்தேன். எழுந்து தண்ணீர் பிடிக்கலாம் என்று வாளியோடு வெளியே வந்தபோது வெயில் மேற்கே இறங்கியிருந்தது. சுவரிலிருந்து பத்தடி தள்ளி மரத்துண்டு கிடந்தது. அதை ஒட்டி அம்மா படுத்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே மரத்துக்கு அடியில் இருப்பதைப் பார்த்தேன். வாய் நிறையத் துண்டு. அவரே அடைத்துக்கொண்டது.

என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்தார். உதடெல்லாம் வெடித்திருந்தது. "கத்தாதமா" என்றார். "உள்ள பொண்ணுங்க தூங்குது."

நான் கத்தினேன். என் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும். ஆறு கதவும் திறந்தன. நைட்டியும் கலைந்த தலையுமாக எல்லாரும் ஓடிவந்தார்கள். என்ன ஏது என்று யாரும் கேட்கவில்லை. நான் "அம்மா" என்று ஒரு குரல் கொடுத்தேன், எல்லாரும் ஒன்றாகத் தோள் கொடுத்தோம், மரம் போனது. அப்படியே உருண்டு சுவர் வரை போய் இடித்து நின்றது. இத்தனை மாதம் எங்களை அழவும் சிரிக்கவும் வைத்த மரம், ஒரே மூச்சில் போனது. அம்மா தன் காலைப் பார்க்கவில்லை. சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, "உனுக்கு ராத்திரி ட்யூட்டி இல்ல?" என்று நெற்றியில் தையல் போட்ட பெண்ணைக் கேட்டார்.

பி ஷிப்ட் வேன் போன கொஞ்ச நேரத்திலேயே மரம் மேலே வந்துவிட்டதாம். ஏ ஷிப்ட் பெண்களும் அன்று ஓவர்டைமுக்கு நின்றுவிட்டார்கள். அவ்வளவு நேரமும் அந்த வெயிலில் கிடந்திருக்கிறார். அவர் கிடந்த இடத்துக்கும் நான் படுத்திருந்த இடத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். என் மேல் தப்பில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

அந்தப் பாத்தியை நாங்கள் முடித்தோம். மற்றத் துண்டையும் உருட்டிக் கொண்டுபோய்ப் போட்டோம், டிராக்டர்காரர் வண்டல் கொட்டினார், செல்வி விதை ஊன்றினாள். ஆடிக் கடைசியில் பீர்க்கு ஷீட் மேல் ஏறிவிட்டது. ரூமில் சூடு குறைந்தது உண்மை. அதைப் பார்க்க அம்மா அங்கே இல்லை. பெங்களூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் அவரைத் தன்னோடு கூட்டிப்போய்விட்டாள். லைன் வீட்டை ஒரு கான்ட்ராக்டர் மொத்தமாக எடுத்துக்கொண்டார். நான் கல்யாணமாகித் தண்டலத்துக்கு வந்துவிட்டேன். இப்போது பகல் வேலைதான். போன் போட்டால் மகள் எடுப்பாள், அம்மா படுத்திருக்கிறார் என்பாள். சரி, எழுப்ப வேண்டாம் என்று வைத்துவிடுவேன்.

ஆனால் அவர் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது மரம் கிடந்த அந்த மதியம்கூட அல்ல. ஆஸ்பத்திரியில் ஒரு சாயங்காலம்.

காலில் எலும்பு நொறுங்கியிருந்தது. சுகர் வேறு இருந்ததால் புண் ஆறவில்லை, கறுத்துக்கொண்டே மேலே வந்தது. மகளுக்குக் கைக்குழந்தை, சில நாள் இருந்துவிட்டு, குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஊருக்குப் போயிருந்தாள். நாங்கள் ஷிப்ட்டுக்கு ஏற்றபடி முறை வைத்துக்கொண்டு அம்மாவுக்குத் துணை இருந்தோம். அன்று என் முறை. சி ஷிப்ட் முடித்து, ரூமுக்குப் போகாமல் பஸ் ஏறி வந்தேன். கஞ்சி கொடுத்தேன், தலை சீவிவிட்டேன், ஸ்டூலில் உட்கார்ந்து கட்டில் ஓரத்தில் தலையைச் சாய்த்தேன். அவ்வளவுதான் தெரியும்.

கண் விழித்தபோது வார்டில் லைட் போட்டிருந்தார்கள். எழுப்பாமல், வைப்ரேட்டர் இல்லாமல், தூக்கம் தானாக முடிந்து முழித்தேன். உடம்பு அவ்வளவு லேசாக இருந்தது. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை என் தலைக்கு மேலே, ஃபேன் காற்றில் பறந்து வருகிற கொசுவலையைப் பிடித்தபடி இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் தன் தாய்க்குத் துணை இருந்த பெண்தான் சொன்னாள். "டாக்டர் வந்தாருக்கா. கால எடுத்துடணும், இல்லனா உசுருக்கு ஆபத்துன்னு சொல்ட்டாரு. காலைல ஆபரேசன். கூட கீறவங்கள எழுப்புன்னாரு. நர்சம்மா உங்கள தொட வந்தாங்க. இவுங்க அவுங்க கைய புடிச்சிக்கினு வுடவே இல்ல. குடுங்க நானே கையெயுத்து போடறேன்னு போட்டு குட்டாங்க."

என் தலை சாய்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் அந்தக் கால் இருந்தது. எனக்கு வந்தது அழுகையா ஆத்திரமா என்று தெரியவில்லை. "என்னை எழுப்பிருக்கலாம்லா. ஒத்தையில எப்பிடிம்மா கேட்டிய இதை? எதுக்கு எழுப்பல?" என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"எழுப்பி?" என்றார். என் கேள்வி அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "நல்லா தூங்கினு இருந்த. உன்ன எழுப்பினா கால் நின்னுடுமா?"

அவர் கையிலிருந்து கொசுவலையை வாங்கி மெத்தைக்கு அடியில் செருகினேன்.

மகளுக்குப் போன் செய்தேன். ராத்திரி பஸ் பிடித்து விடிகாலையில் வந்துவிடுகிறேன் என்று அழுதாள். அதுவரை நான் இருப்பது என்று முடிவு செய்து, லைன் லீடருக்குப் போட்டேன். ஏற்கெனவே இரண்டு பேர் லீவு, இன்றைக்கு வராவிட்டால் கான்ட்ராக்ட் புதுப்பிக்கும்போது என்னிடம் வந்து நிற்காதே என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த மாதம்தான் என் கான்ட்ராக்ட் முடிகிறது. வீட்டில் தம்பி படிக்கிறான். இருந்தும் அம்மாவிடம் வந்து, நான் போகவில்லை, ராத்திரி இங்கேதான் என்றேன். லைன் லீடர் போட்ட சத்தம் போனைத் தாண்டி அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். போ என்றார். மாட்டேன் என்றேன். வண்டி போய்டும் என்றார். போகட்டும் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு சீராக வந்தது. அவர் தூங்கி அன்றுவரை நான் பார்த்ததில்லை. பக்கத்துக் கட்டில் பெண், அம்மா தூங்கிட்டாங்கக்கா, நீங்க போய்ட்டு வாங்க, நான் பாத்துக்கறேன் என்றாள்.

போர்வைக்கு வெளியே அவர் வலது கை கிடந்தது. கையில் செபமாலை. கட்டைவிரல் ஒவ்வொரு மணியாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. தூங்குகிற கை மணி தள்ளாது. அது எனக்குத் தெரியும்.

எம்மா என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும், கண்ணைத் திறந்துவிடுவார். திறந்தால் நான் போயிருக்க மாட்டேன். கூப்பிட வாயும் திறந்தேன். அந்தக் காம்பவுண்டில் அத்தனை வருஷம் இருந்துவிட்ட எனக்கு, கண்ணை மூடியிருக்கிற ஒருவரைக் கூப்பிடக் குரல் வரவில்லை. வண்டிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஸ்டூல் தரையில் உரசாமல் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, சத்தம் வராமல் நடந்து வெளியே வந்தேன்.